வந்திருக்கு, வந்திருக்காங்க

எனக்கு மூன்று மொழி தெரியும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு பேர் இருந்தது. உண்மையைச் சொன்னால் ஒன்றரைதான். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பேசி வளர்ந்த தமிழ் ஒன்று. பஸ்ஸிலும் கடையிலும் நர்ஸ் பயிற்சியிலும் பொறுக்கிச் சேர்த்த சிங்களம் அரை. ஆங்கிலம் மருந்துப் பெயர்களோடு நின்றுவிட்டது. ஆனால் எங்கள் வார்ட்டில் தமிழ் பேசுகிற நர்ஸ் நான் ஒருத்திதான். அதனால் தோட்டத்திலிருந்து யார் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் போவேன், கொஞ்சம் பெருமையோடுதான் போவேன். அந்தப் பெருமைக்கு நல்ல அடி விழுந்த கதை இது.

கொரோனா அடங்கி எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றி மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது குரங்கம்மை என்று ஒன்று கிளம்பியது. எங்கள் ஆஸ்பத்திரிக்கு அந்த நோய் வரவில்லை, பயம் மட்டும் வந்து சேர்ந்தது. உடம்பில் கொப்புளத்தோடு யார் வந்தாலும், வீட்டில் யாராவது வெளிநாட்டிலிருந்து வந்தார்களா என்று கேட்டு எழுத வேண்டும் என்றார்கள். காய்ச்சல் கொப்புளம், வேர்க்குரு, அம்மை, சிரங்கு என்று எது வந்தாலும் டாக்டர்கள் ஒரு அடி பின்னால் நின்று பார்த்தார்கள்.

எங்கள் பெரிய டாக்டர் தோல் நோய் நிபுணர். கண்டிப்பான மனிதர். ஒரே உடம்பை மூன்று டாக்டர் பார்த்தால் ஏன் மூன்று விதமாக எழுதுகிறார்கள் என்பது அவருக்கு நெடுநாள் குடைச்சல். அதற்காக ஒரு படிவம் செய்தார். முன்பக்கம் ஒரு மனித உருவம், பின்பக்கம் ஒரு மனித உருவம், வெறும் கோடு. கொப்புளம் இருக்கிற இடத்தில் புள்ளி வைக்க வேண்டும். மொத்தம் எத்தனை, நீர் கோத்ததா, சீழா, பொருக்கா, எல்லாம் ஒரே வயதா அல்லது புதிதும் பழையதும் கலந்ததா என்று நிரப்ப வேண்டும். கடைசி வரியில், இது என்ன நோய் என்று நினைக்கிறீர்கள். மூன்று டாக்டர்கள் தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. முதலில் பார்க்கிறவர் மட்டும்தான் நோயாளியிடம் விவரம் கேட்கலாம். மற்ற இருவரும் பேசக் கூடாது, தோல் மட்டும் பேசினால் போதும் என்றார். தோல் எந்த மொழியில் பேசும் என்று அவர் சொல்லவில்லை. படிவங்களை வாங்கி உறையில் போட்டு வைப்பது என் வேலை.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெண் வந்தாள். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டம். கொழுந்து பறிக்கிறவள், இருபத்து நாலு வயது. புருஷன் முச்சக்கர வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஏழு மாதக் கைக்குழந்தையோடு வெளியே நின்றான். முகம், மார்பு, முதுகு எல்லாம் பொருக்குத் தட்டிய கொப்புளம். இரண்டு மூன்று இடத்தில் சொறிந்து சீழ் பிடித்திருந்தது. சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. காய்ச்சல் வியர்வை என்று நினைத்தேன். பால்.

முதலில் பார்த்தது சின்ன டாக்டர். கடற்கரைப் பக்கத்துப் பையன், வேலைக்கு வந்து நாலு மாதம்தான். தமிழ் சுத்தமாகத் தெரியாது. இது எப்போது தொடங்கியது என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"அம்மா வந்திருக்குங்க மிஸ்ஸி. ஒம்பது நாளாச்சு" என்றாள்.

எங்கள் லயங்களில் இதை நோய் என்று சொல்வதில்லை. மாரியம்மா அந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள், அவ்வளவுதான். கொப்புளத்துக்கு முத்து என்று பேர். முத்தை எண்ணக் கூடாது, எண்ணினால் கூடும் என்பார்கள். அம்மா வந்திருக்கிற வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார்கள். மூன்றாவது தண்ணி ஊற்றினால் அவளே இறங்கிப் போய்விடுவாள். இவளும் போகாமல்தான் கிடந்திருக்கிறாள். சீழ் பிடித்து மறுபடியும் காய்ச்சல் அடித்ததால் புருஷன் பயந்து தூக்கி வந்துவிட்டான்.

இத்தனையும் எனக்குத் தெரியும். எனக்குச் சின்னம்மை போட்டபோது நானும் "அம்மா வந்திருக்கு" என்றுதான் கிடந்தேன். தெரிந்ததால்தான் யோசிக்கவில்லை. டாக்டர் பக்கம் திரும்பி, "அம்மா எவில்லா, தவஸ் நமயய்" என்றேன். அம்மா வந்து ஒன்பது நாள். சொல்லுக்குச் சொல் சரி.

காய்ச்சல் எத்தனை நாள் என்றார். நாலு நாள் என்றாள், சொன்னேன். வீட்டில் யாராவது வெளிநாட்டில் இருக்கிறார்களா என்றார். அவள் சேலை நுனியை முறுக்கிக்கொண்டே, "எங்கம்மா போனாங்க, குவைத்துக்கு" என்றாள். அதையும் சொன்னேன். டாக்டர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு அடி பின்னால் நகர்ந்தார். பிறகு டிக்கெட்டில், கட்டிலில் தொங்கவிடுகிற நோயாளிக் குறிப்பில், வேகமாக ஆங்கிலத்தில் எழுதினார். அவர் கையெழுத்து எனக்கு எட்டாது. என்ன எழுதுகிறார் என்று கேட்கவும் தோன்றவில்லை.

அவருடைய படிவத்தில் அறுபத்தொரு புள்ளி. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூடப் புள்ளி, குரங்கம்மை என்றால் அங்கேயும் வருமாம். எல்லாம் ஒரே வயது. கடைசி வரியில் பெரிய எழுத்தில் குரங்கம்மை, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

இரண்டாவதாக வந்தவர் யாழ்ப்பாணத்து லேடி டாக்டர். தோல் மட்டும் பேச வேண்டும் என்ற சட்டத்தை அவர் ஒருநாளும் மதித்ததில்லை. குனிந்து முதுகைப் பார்த்தபடியே, "இது கொப்புளிப்பான்தான் பிள்ளை, பயப்பிடாதேங்கோ" என்றார். பயப்படாமல் இருந்தவள் அப்போதுதான் பயந்தாள். அவர் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, கொப்புளிப்பான் என்றால் என்ன நோவு, பிழைப்பேனா என்று கேட்டாள். சின்னம்மையைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள் என்று விளக்கினேன். அந்த டாக்டரின் படிவத்தில் முப்பத்தெட்டு. கை காலில் ஒன்றும் இல்லை. புதிதும் பழையதும் கலந்தது. சின்னம்மை.

மூன்றாவது பெரிய டாக்டரே. மற்றவர் எழுதியதைப் பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்டவர், கட்டில் தலைமாட்டில் தொங்கிய டிக்கெட்டை எடுத்து முதலில் வாசித்தார். பிறகுதான் உடம்பைப் பார்த்தார். ஐம்பத்திரண்டு. உள்ளங்காலில் உண்டு, உள்ளங்கையில் சந்தேகம். குரங்கம்மை இல்லை என்று நிச்சயமாகும்வரை தனியறை.

மூன்று படிவங்களையும் உறையில் போடும்போது எனக்குத் தலை சுற்றியது. ஒரே பெண், ஒரே காலை, ஒரே வெளிச்சம். சின்ன டாக்டருக்கு அறுபத்தொன்று, லேடி டாக்டருக்கு முப்பத்தெட்டு. அவள் கால்களைப் போய்ப் பார்த்தேன். மழைக்காலத்தில் மலை ஏறுகிற எந்தப் பெண்ணின் காலிலும் இருக்கிற அட்டைக்கடி, பொருக்கு உதிராத அட்டைக்கடி. கையில் தேயிலைக் கறையும், கொழுந்துக் காம்பு கீறிய வெடிப்பும். என் அம்மா கையிலும் காலிலும் நாள்தோறும் பார்த்தவைதான். ஆனால் இரண்டு டாக்டர்கள் குனிந்து பார்த்துப் புள்ளி வைத்த இடம் அது. அட்டைக்கடி அட்டைக்கடிதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. படிவத்தில் நர்ஸுக்கு இடம் கிடையாது.

அவளை வார்ட்டின் கோடியில் இருந்த அறையில் போட்டார்கள். கொப்புளத்திலிருந்து மாதிரி எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை குழந்தையைக் காட்டக் கூடாது. லேடி டாக்டர் சண்டை பிடித்தார். இத்தனை நாளும் அந்த மடியில் கிடந்த பிள்ளைதானே, இனிமேல் பிரித்து என்ன ஆகப் போகிறது என்று கேட்டார். சின்னம்மை என்றால் சரி, மற்றது என்றால் யார் பொறுப்பு என்றார் பெரிய டாக்டர்.

அந்த அறைக்குள் உடை மாற்றி, கையுறை போட்டுப் போகும் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஒரே கேள்விதான். புள்ளையை எப்போது குடுப்பீர்கள் மிஸ்ஸி. நாளைக்கு என்பேன். நாளைக்கு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை என்று எனக்கே தெரியாது. பால் கட்டி நெஞ்சு கல்லாகிவிட்டது என்று அழுதாள். டம்ளரில் பீய்ச்சித் தொட்டியில் ஊற்றினாள். நான் தண்ணீரைத் திறந்துவிட்டேன். வெளியே கேட் அருகே புருஷன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். அது போத்தல் பாலைத் துப்பித் துப்பி அழுதது. ஜன்னல் அந்தப் பக்கம் இல்லாதது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் போனபோது அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலை சீவி, முகம் கழுவி, போர்வையை மடித்து வைத்திருந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம். பால் கட்டிய வலிகூட மறந்துவிட்ட மாதிரி இருந்தது. குழந்தையைப் பற்றிக் கேட்பாள் என்று பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு போனவள் நான். அவள் வேறொன்று கேட்டாள்.

"அக்கா, எங்கம்மா வந்திருக்காங்களாமே?"

மிஸ்ஸி போய் அக்கா ஆகியிருந்தது. யார் சொன்னது என்றேன். புருஷன் போனில் சொன்னானாம். சுகாதாரப் பரிசோதகர் லயத்துக்கு வந்து, குவைத்திலிருந்து வந்த உன் மாமியாரை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்டாராம். அவர்கள் குடியிருக்கிற ஒற்றை அறைக் காம்பிராவில் தேடினாராம், பக்கத்துக் காம்பிராவிலும் தேடினாராம். யாரும் வரவில்லை என்று புருஷன் சத்தியம் செய்தும் நம்பவில்லையாம். கொரோனா காலத்தில் ஆளை ஒளித்த கதை எத்தனையோ அவருக்குத் தெரியும்.

"ஆஸ்பத்திரியில இருந்துதான் சொல்லியனுப்புனாங்களாம். உங்களுக்கெல்லாம் ஏர்போட்ல இருந்து தெரிஞ்சிரும்ல அக்கா? வந்து ஒம்பது நாளுன்னு டிக்கெட்ல எழுதியிருக்காம்."

ஒன்பது நாள். அந்த எண்ணைக் கேட்டதும் என் வாயிலிருந்து போன சிங்களம் அப்படியே காதில் விழுந்தது. அம்மா எவில்லா, தவஸ் நமயய். சிங்களத்திலும் அம்மா அம்மாதான். எங்கள் தமிழில் மாரியம்மா "வந்திருக்கு", பெற்ற அம்மா "வந்திருக்காங்க". அந்த ஒரு வால்தான் இரண்டு பேரையும் பிரித்து வைக்கிறது. அவள் அதைச் சரியாகத்தான் சொன்னாள். நான் வாலை வெட்டிவிட்டுக் கொடுத்தேன். அதற்குப் பின்னால் எங்கம்மா குவைத்துக்குப் போனாங்க என்றும் சொன்னேன். இரண்டும் உண்மை. சின்ன டாக்டரின் பேனாவில் இரண்டு அம்மாவும் ஒருத்தியாகி, விமானம் ஏறி வந்து இறங்கிவிட்டாள்.

அவளுடைய அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயதாம். இரண்டு வருஷம் கடிதம் வந்தது, ஒரு தடவை பொம்மை வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. செத்தாளா இருக்கிறாளா என்று சொல்ல ஆள் இல்லை. இதையெல்லாம் அவள் அன்று காலையில் சிரித்துக்கொண்டே சொன்னாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

துணி அடுக்கும் அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தப்பு யாருடையது என்று குழம்பிக் குழம்பி எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நான் சொன்னதில் பொய் இல்லையே. அவர் ஒரு கேள்வி கூடக் கேட்டிருக்கலாமே. பெரிய டாக்டர் டிக்கெட்டைப் பார்க்காமல் இருந்திருக்கலாமே. கொழும்பு முடிவு எப்படியும் வரும், இல்லை என்று வரும், அவள் போய்விடுவாள், யாருக்கும் தெரியாது. இப்படியும் யோசித்தேன், மறைக்க மாட்டேன். ஒரு மணி நேரம் விரிப்புகளை எடுத்து எடுத்து மடித்தேன். தொட்டியில் ஓடிய பால்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் நின்றது.

பெரிய டாக்டரிடம் போனேன். எனக்குத் தெரிந்த அரைச் சிங்களத்தில், உடைத்து உடைத்து, இரண்டு அம்மாவின் கதையையும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தன் சிங்களக் கிராமத்திலும் சின்னம்மையை அம்மாமார் நோய் என்றுதான் சொல்வார்கள் என்றார். சின்ன வயதில் தனக்கு வந்தபோது தன் தாயும் அப்படித்தான் சொன்னாளாம். அந்தச் சொல்லை அந்தப் பெண் வாயால் கேட்டிருந்தால் தனக்கு உடனே விளங்கியிருக்கும் என்றார். அவர் கேட்கவில்லை, டிக்கெட்டில் வாசித்தார்.

மூன்று பேரும் மறுபடியும் பார்க்க வேண்டும் என்றார். இந்தத் தடவை டிக்கெட் என் கையில். அதற்கு முன்னால் நான் அவள் உள்ளங்கைகளை எலுமிச்சையும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். கறை முழுதும் போகவில்லை, அது போகாது, ஆனால் கறை என்று தெரிகிற அளவுக்கு வெளுத்தது. சின்ன டாக்டர் அவள் கால்மாட்டில் முழங்கால் போட்டு, இது என்ன என்று முதல் முறையாக என்னிடம் கேட்டார். "கூடெல்லோ" என்றேன். சிங்களத்தில் அட்டைகள். அவர் முகம் சிவந்தது. கடற்கரைப் பையனுக்கு அட்டைக்கடி எப்படித் தெரியும். எனக்கு அவர்மேல் இருந்த கோபமும் அதோடு போயிற்று.

முப்பத்தாறு, நாற்பது, நாற்பத்து மூன்று. அப்போதும் எண்ணிக்கை சேரவில்லை. பெரிய டாக்டர் மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கடைசி வரி மூன்றிலும் ஒன்றுதான். சின்னம்மை. முத்தை எண்ணக் கூடாது என்று எங்கள் லயத்தில் சொல்வது இதற்குத்தானோ என்று எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. கொழும்பு முடிவும் அவள் போன மறுநாள் குரங்கம்மை இல்லை என்றே வந்தது.

குழந்தையைக் கொடுக்கலாம் என்று உத்தரவு வந்ததும் முதலில் நான்தான் போனேன். குழந்தைக்கு முன்னால் அந்த இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். சொன்னேன். யாரும் வரவில்லை, விமான நிலையத்திலிருந்து ஒரு செய்தியும் இல்லை, நீ சொன்னதை நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மடித்து வைத்த போர்வையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப வந்தது மாரியம்மாதானா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

புருஷன் குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்தான். அது அவளை ஒரு நிமிஷம் யாரோ என்று பார்த்தது. மடியில் போட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் காத்திருந்தாள். பிறகு அதுவே வாசனை பிடித்துத் திரும்பிப் பாலைக் கவ்வியது. வலியில் அவள் பல்லைக் கடித்தாள், ஆனால் விடவில்லை. பின்னால் அந்தப் பிள்ளைக்கும் நாலைந்து முத்து போட்டு இறங்கியதாகக் கேள்விப்பட்டேன். லேடி டாக்டர் சொன்னது சரிதான்.

முச்சக்கர வண்டி வரை நானும் போனேன். அவள் ஏறி உட்கார்ந்து, குழந்தையின் தலையைச் சால்வையால் மூடினாள். புருஷன் வண்டிக்காரனிடம் எந்தத் தோட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் வெளியே எட்டி என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, எங்கம்மாவுக்குப் பழைய லயந்தான் தெரியும். நாங்க கல்யாணத்துக்கப்புறம் மேல் லயத்துக்கு மாறிட்டோம், ஆறாம் காம்பிரா. யாராச்சும் கேட்டு வந்தா சொல்லுங்க."

எழுதிக்கொள்கிறேன் என்றேன். பாக்கெட்டில் அகப்பட்டது பெரிய டாக்டரின் படிவம்தான், யாரும் நிரப்பாதது. அந்த உருவத்துக்குப் பக்கத்தில் மேல் லயம், ஆறாம் காம்பிரா என்று அவள் பார்க்க எழுதினேன். வண்டி போய்விட்டது. வார்ட் மாறி, ஆஸ்பத்திரி மாறி, இன்னும் அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. யாரும் கேட்டு வரவில்லை.